காரம் ஏறிய மது



மிளகு, மிளகாய், கறுவா, கராம்பு முதலான சரக்குகளைச் சாராயத்திலோ பிராந்தியிலோ ஊறவைத்து, அவற்றின் காரத்தையும் மணத்தையும் இறக்கிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி இன்று சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன். பாடசாலை அதிபர் ஒருவர் பேசத்தக்க பொருளா இது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பேசத்தக்க பொருளே என்பது என் துணிபு. இவ்வழக்கம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நிகழ்வது. அடுக்களை அலுமாரியின் மேல்தட்டில், மிளகு போட்ட பிராந்திப் போத்தல் ஒன்று மருந்து என்னும் பெயரோடு வீற்றிருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அந்தப் போத்தலில் எது சரக்கின் குணம், எது மதுவின் குணம், எது வெறும் நம்பிக்கை என்று பிரித்தறிதல் பிள்ளைகளை வளர்ப்போர் அனைவர்க்கும் வேண்டிய அறிவாகும்.

நான் வாழும் ஓர்ஸ் ஹில், தமிழில் உவர்மலை என வழங்குவது, திருகோணமலையின் உள்துறைமுகத்தை அடுத்துள்ள மேட்டுநிலம். இத்துறைமுகத்தை நாடி வந்த மரக்கலங்கள் எத்தனை! போர்த்துக்கேயர் 1624இல் இங்கே கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். அவர்தம் கடற்படை 1957 வரை இத்துறைமுகத்தைத் தன் தளமாகக் கொண்டிருந்தது. வந்தவர்கள் தேடியது நம் சரக்கு. வரும்போது உடன் கொணர்ந்தது தங்கள் மது. எனவே சரக்கும் மதுவும் ஒன்றையொன்று சந்தித்த கதையை, துறைமுக வாசிகளாகிய நாங்கள் அயலார் கதையாகக் கருதுவதற்கில்லை.

அக்கதை ஐரோப்பியப் பாய்க்கப்பல்களுக்கும் மிக முந்தியது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீளும் முசிறித் துறையை அகநானூறு காட்டுகிறது. யவனர் கொணர்ந்த நறுமண மதுவைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்துவதைப் புறநானூற்றிலே நக்கீரர் பாடுகிறார். ஆக, நம் மிளகு மேற்கே சென்றது. அவர்கள் மது கிழக்கே வந்தது. மேற்கே சென்ற மிளகு அங்கே என்னவாயிற்று? உரோமரின் சமையல் நூலாகிய அப்பீசியஸ் தொகுப்பைத் திறந்தால், முதற்கண் நிற்கும் பாகமே மிளகிட்ட திராட்சை மதுதான். திராட்சை மதுவிலே தேன், இடித்த மிளகு, குங்குமப்பூ, பேரீச்சை முதலியன சேர்த்து ஆக்கும் பானம் அது. சேர நாட்டு மலைச்சாரலில் காய்த்த மிளகு உரோமாபுரியின் மதுக்கிண்ணத்தில் ஊறிக் கிடந்தது என்பது எண்ணி மகிழத்தக்க செய்தியன்றோ?

இன்னொரு நுட்பமும் இங்கே நினைக்கத்தக்கது. பலநாள் முதிர்ந்த தேறலின் வேகத்தைச் சங்கப் புலவர் தேளின் கடுப்புக்கு ஒப்பிட்டனர். சீறும் பாம்பின் வெகுளிக்கும் ஒப்பிட்டனர். அக்காலத் தமிழகத்தில் மிளகாய் இல்லை. இருந்தும் மதுவின் எரிவையும் கொட்டின் எரிவையும் அவர்கள் ஒரே இனமாக உணர்ந்தனர். அவ்வுணர்வு எவ்வளவு மெய்யானது என்பதை விஞ்ஞானம் அண்மையிலேதான் கண்டது. அதைப் பின்னர்க் கூறுவேன்.

மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492இல் கடல் கடந்த பின்னரே அது உலகெங்கும் பரவிற்று. நம் பக்கம் அதனைக் கொணர்ந்தவர் போர்த்துக்கேயர். புதிதாய் வந்த காய்க்கு நம் முன்னோர் வேறு பெயர் தேடி அலையவில்லை. மிளகைப்போல் உறைக்கும் காய் ஆதலின் மிளகாய் என்றனர். கிழக்கிலங்கையில் அதனைக் கொச்சிக்காய் என்றும் சொல்வோம். காய்ந்ததைச் செத்தல் என்போம். வந்த சில நூற்றாண்டுகளில், அது இன்றி நமக்கு ஒரு குழம்பும் இல்லை என்னும் அளவுக்கு வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

இம்மிளகாய் மதுவோடு சேர்ந்ததற்கு ஆங்கிலக் கடற்படையின் கப்பல் உணவும் ஒரு காரணம் என்பர். மாதக்கணக்கில் கடலில் கழியும் வாழ்வு. உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த பிசுக்கோத்துமே உணவு. அச்சுவையற்ற உணவுக்கு உயிரூட்ட, செரி என்னும் ஸ்பானிய மதுவிலே சிறு மிளகாய்களை ஊறவைத்து, அதனைச் சொட்டுச்சொட்டாகத் தெளித்துக்கொண்டனர் மாலுமிகள். அத்திலாந்திக் கடலிலுள்ள பெர்முடாத் தீவில் அவ்வழக்கம் நிலைத்து, இன்றும் மீன் சூப்பில் மிளகாய்ச் செரி தெளித்தே உண்கின்றனர். ஆங்கிலேயர் மேசையில் இடம்பெற்ற மற்றொரு சூப்பு முள்ளிகட்டோனி. அப்பெயர் நம் மிளகுத்தண்ணீரின் திரிபே என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்று. மிளகாய்ச் செரி குடிப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. சொட்டுக் கணக்கில் தெளிப்பதற்காகச் செய்யப்பட்டது. குடிப்பதற்கென்று அக்கடற்படை அன்றாடம் வழங்கிய ரம் பங்கீடு வேறு. அதனை 1740இல் வேர்னன் என்னும் தளபதி நீர் கலந்தே கொடுக்கவேண்டும் என்று ஆணையிட்டார். 1970ஆம் ஆண்டு யூலை 31ஆந் திகதியோடு அப்பங்கீடு முற்றாக நிறுத்தப்பட்டது. கப்பலில் இயந்திரங்களை இயக்குவோனுக்கு நண்பகல் மது தகாது என்று கடற்படையே கண்டுகொண்டது. தெளிக்கும் போத்தல் நின்றது. குடிக்கும் கிண்ணம் நீங்கிற்று.

திருகோணமலைக்கு இதில் தனிப்பங்கும் உண்டு. நம் வன்னிக் காடுகளிலும் கிழக்குக் காடுகளிலும் வளரும் சாவண்டலை மரத்தைச் சிங்களத்தில் ஹல்மில்ல என்பர். ஆங்கில வணிகர் அதனைத் திருகோணமலை மரம் என்றே வழங்கினர். தென்னங்கள்ளை வடித்தெடுத்த சாராயத்தை முதிரவைக்கும் பீப்பாய்கள் இலங்கையில் தொன்றுதொட்டு இம்மரத்தால் செய்யப்படுகின்றன. வாலையிலிருந்து இறங்கும் சாராயம் நீர்போல் நிறமற்றது. பீப்பாயில் கிடக்கக் கிடக்க மரத்தின் சாயமும் மணமும் அதில் இறங்குகின்றன. சிறிய போத்தலில் ஒரு கறுவாப் பட்டை செய்வதைப் பெரிய பீப்பாயில் மரமே செய்கிறது. ஊறுதல் என்னும் தொழில் இரண்டிலும் ஒன்றே.

அத்தொழிலின் இயல்பு யாது? சர்க்கரையும் உப்பும் நீரில் கரையும், எண்ணெய் கரையாது. மிளகின் காரப்பொருளாகிய பைப்பரினும், மிளகாயின் காரப்பொருளாகிய கப்சைசினும், கராம்பு, கறுவா, ஏலம் ஆகியவற்றின் மணத்தைலங்களும் நீரில் மிகச் சிறிதே கரைவன. எண்ணெயிலும் மதுசாரத்திலும் நன்கு கரைவன. மிளகாயைக் கடித்தவன் செம்பு செம்பாக நீர் குடித்தும் எரிவு தணியாமல் தவிப்பதும், ஒரு வாய் தயிர் உண்டதும் ஆறுதல் பெறுவதும் இதனாலேயே. மிளகிலிருந்து பைப்பரினை 1819இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க் நாட்டு ஏர்ஸ்டெட்; மறு ஆண்டில் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் உண்மையைக் கண்டவரும் அவரே. அமெரிக்க மருந்தாளர் ஸ்கோவில் 1912இல் மிளகாயின் காரத்தை அளக்க முற்பட்டபோது, முதலில் அதனை மதுசாரத்தில் ஊறவைத்துக் காரத்தை இறக்கினார். பின்னர் அச்சாற்றை இனிப்பு நீரால் நீர்க்கச் செய்துகொண்டே போய், சுவைப்போர் நாவில் உறைப்பு மறையும் எல்லையைக் கண்டார். இன்று ஸ்கோவில் அளவு என்று நாம் கேட்பது அதுவே. அடுக்களைப் போத்தலும் ஆய்வுகூடக் குடுவையும் ஒரே விதிக்கு அடங்குபவை.

சமையலுக்கென்று இவ்வாறு செய்வோர் கவனிக்கவேண்டிய முறைகள் சில உள. கண்ணாடிப் போத்தலே தக்கது. உலர்ந்த சரக்கே நல்லது; பச்சை மிளகாயின் நீர் மதுவின் வலுவைக் குறைக்கும். போட்ட பொருள் முழுவதும் மூழ்கியிருக்கவேண்டும். மேலே மிதப்பதில் பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொரு சரக்கும் தன் குணத்தை ஒரே வேகத்தில் விடுவதில்லை. பிளந்த மிளகாய் ஒருநாளிலேயே கடுங்காரம் விட்டுவிடும். கராம்பு இரண்டு மூன்றுக்கு மேற்பட்டால் ஏனைய மணங்களை எல்லாம் விழுங்கிவிடும். கறுவாவும் ஏலமும் சில நாள் பொறுத்தே மணம் தரும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மறந்துவிட்டால் கசப்பே மிஞ்சும். ஆதலின் தனித்தனியே ஊறவைத்து, நாள்தோறும் ஒரு துளியை நாவில் இட்டுப் பார்த்து, போதுமென்று கண்டதும் வடித்துவிடுதலே அறிந்தோர் செயல். விரைவில் இறங்கட்டும் என்று அடுப்பில் வைத்தல் ஒருபோதும் ஆகாது. மதுவின் ஆவி கண்ணிமைக்கும் நேரத்தில் தீப்பற்றும். மிளகாய் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் கண்ணருகே கொண்டு போகலாகாது. போத்தலில் உள்ளது இன்னதென்று எழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்தல் எல்லாவற்றினும் முதன்மையானது.

நம் ஆயுர்வேத வைத்தியமும் இவ்விதியை அறிந்தே இருந்தது. அரிட்டம், ஆசவம் என்னும் மருந்துகளில் மது வெளியிலிருந்து சேர்க்கப்படுவதில்லை. மூலிகைச் சாற்றில் வெல்லமும் தாதகிப் பூவும் இட்டு மூடிவைத்தால், அது தானே புளித்துத் தன்னுள் மதுவை உண்டாக்கும். அம்மது மூலிகையின் குணத்தைத் தன்னுள் வாங்கிக் கெடாமல் காக்கும். தசமூலாரிட்டம் போன்றவற்றில் திப்பிலியும் இடம்பெறும். ஆனால் வைத்தியன் அதனை அளந்து, உணவுக்குப் பின், நீர் கலந்து, இன்னார்க்கு இத்தனை நாள் என்று வரையறுத்துக் கொடுத்தான். அளவே அங்கு அறம். அளவை நீக்கிவிட்டு மருந்தென்னும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது மதுவே.

இனி, சங்கப் புலவர் கண்ட எரிவுக்கு வருவோம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளை நீங்கள் அறிவீர்கள். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சிறிது வேறுபட்ட வெப்பம். வெப்பமானியை இட்டால் இரசம் ஏறும். அது மெய்யான சூடு. மிளகாய்ச் சாற்றில் வெப்பமானியை இட்டால் இரசம் அசையாது. நாவோ பற்றி எரிகிறது. ஏன்? நம் நரம்பு முனைகளில் வெப்பத்தை உணர்ந்து மூளைக்கு அறிவிக்கும் வாயில்கள் உள. சுமார் 42 பாகைச் சூடு பட்டால் திறக்கவேண்டிய அவ்வாயிலை மிளகாயின் காரப்பொருள் சூடின்றியே திறந்துவிடுகிறது. டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க அறிஞரின் குழுவினர் 1997இல் இதனைக் கண்டறிந்தனர். அவருக்கு 2021இல் நோபல் பரிசும் கிடைத்தது. 2002இல் மற்றோர் ஆய்வுக் குழு, மதுவும் இதே வாயிலைத் தீண்டுகிறது என்று காட்டிற்று. மது பட்டால் அவ்வாயில் 42 பாகை வரை காத்திராமல், உடல் வெப்பத்தினும் தாழ்ந்த 34 பாகை அளவிலேயே திறந்துகொள்கிறது. அதாவது, மது குடித்தவன் தன் உடம்பின் சூட்டையே எரிவாக உணர்கிறான். தேறலுக்குத் தேள் கடுப்பை உவமை சொன்ன புலவன் எவ்வளவு கூர்ந்து உணர்ந்திருக்கிறான், பாருங்கள்!

இதிலிருந்து பெறப்படும் உண்மை நம் வீட்டுக்கு மிக வேண்டியது. மிளகு போட்ட பிராந்தி தரும் சூடு இரண்டு வகையிலும் பொய்ச்சூடு. அன்றியும், மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விட்டுவிடுகிறது. குளிர் நீங்கியதாகத் தோன்றும் வேளையில் உடம்பு உண்மையில் குளிர்ந்துகொண்டே போகிறது.

ஆசிரியப் பணியில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், மாரிகாலத்து ஒரு காலைப்பொழுதில், கீழ்வகுப்புச் சிறுவன் ஒருவன் வகுப்பில் தலை சாய்த்து உறங்கிப் போனான். தொட்டு எழுப்பிய ஆசிரியைக்கு அவன் மூச்சில் மதுவின் வாடை. வீட்டாரை அழைத்து விசாரித்தோம். இருமலுக்கு நல்லதென்று அவன் பாட்டி மிளகுப் பிராந்தியை ஒரு கரண்டி கொடுத்து அனுப்பியிருந்தார். அந்த மூதாட்டியின் அன்பில் குறை காண எவரால் முடியும்? தம் தாய் தமக்குச் செய்ததைத் தாம் பேரனுக்குச் செய்தார். ஆனால் சிறுபிள்ளையின் உடம்பில் மது இரத்தச் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்திவிடக்கூடும். வெறும் வயிற்றில் அது இன்னும் கொடிது. அன்று அப்பிள்ளைக்கு ஒன்றும் நேரவில்லை. உணவூட்டியபின் தெளிந்து எழுந்தான். எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறே எழுவார்கள் என்று யார் உறுதி கூறமுடியும்?

பிள்ளை பெற்ற தாய்க்குச் சரக்கரைத்த கறி கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. வேர்க்கொம்பும் மிளகும் உள்ளியும் சேர்ந்த அந்தப் பத்திய உணவைப் போற்றுகிறேன். அதனோடு உடம்பு இறுகட்டும் என்று சில வீடுகளில் பிராந்தியும் ஊற்றுகிறார்களே, அதனைத்தான் விலக்கவேண்டும் என்கிறேன். தாயின் இரத்தத்தில் எவ்வளவு மது உண்டோ, ஏறத்தாழ அவ்வளவே தாய்ப்பாலிலும் உண்டு. பிறந்து பத்து நாள் ஆகாத சிசுவுக்கு நாமே மதுவூட்டுகிறோம் என்று அறிந்தால் எந்தத் தாய் சம்மதிப்பாள்?

காரத்துக்கு மற்றோர் ஆபத்தான ஆற்றலும் உண்டு. அது குற்றத்தை மறைக்கும். இலண்டனில் வாழ்ந்த அக்கும் என்னும் இரசாயன அறிஞர் 1820இல் உணவுக் கலப்படங்களைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். வலுவற்ற பியரை வலுவுள்ளதுபோல் காட்ட, வணிகர் அதில் மிளகாயும் வேறு காரச் சரக்குகளும் கலப்பதை அதில் வெளிப்படுத்தினார். நாவில் எரிந்தால் நல்ல சரக்கு என்று குடிப்பவன் நம்புகிறான். அந்நம்பிக்கையே கசிப்புக் காய்ச்சுவோனுக்கும் முதல். இலங்கையில் அனுமதியின்றி மது வடித்தல் சட்டப்படி குற்றம். அதில் மெதனோல் என்னும் நஞ்சு கலந்திருப்பின், கண்ணாலோ மூக்காலோ நாவாலோ அறிய இயலாது. எத்தனை மிளகும் கராம்பும் போட்டு ஊறவைத்தாலும் அந்நஞ்சு முறியாது. 2024ஆம் ஆண்டு யூன் மாதம் தமிழ்நாட்டிலே கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அவர்களுட் பலர் அன்றாடக் கூலி உழைப்பாளிகள். மூலம் தெரியாத மதுவில் எதனையும் ஊறவைக்க எண்ணவேண்டா. அதனை வீட்டு வாயிலுக்குள்ளும் விடவேண்டா.

அப்படியாயின் சரக்கின் குணத்தைப் பெற வேறு வழி இல்லையா? நிறைய உண்டு. மீனுக்கும் சூப்புக்கும் தெளிக்கக் காரச்சாறு வேண்டுமெனில், தென்னங்கள்ளில் ஆக்கிய வினாகிரியில் செத்தல் மிளகாயையும் சில உள்ளிப் பற்களையும் ஊறவையுங்கள். வினாகிரியின் புளிப்பே அதனைக் கெடாமல் காக்கும். இரண்டு வாரத்தில் நாவுக்கு இனிய காரம் இறங்கிவிடும். தடிமனுக்கும் இருமலுக்கும் நம் நாட்டில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருமித்துப் போற்றும் குடிநீர் ஒன்று உண்டே! வறுத்த கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் சில மிளகும் தட்டிப்போட்டு, நீர் வற்றக் காய்ச்சி, பனங்கட்டியோடு சுடச்சுடக் கொடுங்கள். நீரில் காரம் குறைவாகவே கரையும் என்று முன்னர்ச் சொன்னேன். கொதிநீரில் அது ஓரளவு இறங்கும். பிள்ளையின் தொண்டைக்கு அந்த ஓரளவே போதும். அக்குடிநீர் தரும் சூடு மெய்யான சூடு.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென 93ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார். மதுவில் ஆபத்தற்ற அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு சனவரியில் அறிவித்தது. 21 வயது நிரம்பாதவர்க்கு மது விற்றலாகாது என்று நம் நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கடைக்காரன் விற்கக் கூடாததை வீட்டார் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தல் முறையாகுமா?

நேயர்களே, வளர்ந்தவர் ஒருவர் தம் சமையலுக்காகச் செரியில் நான்கு மிளகாய் போட்டு வைத்திருப்பதை நான் பெருங்குற்றமாகக் கூற வரவில்லை. அது பல நாட்டுக் கப்பல்கள் வந்துபோன துறைகளின் பழைய கைப்பக்குவம். அதனுள் ஒரு நல்ல விஞ்ஞானப் பாடமும் அடங்கியிருக்கிறது. நான் வேண்டுவது ஒன்றே. காரமும் மணமும் மருந்துக் குணமும் சரக்குக்கு உரியவை. மது அவற்றைச் சுமந்துவரும் கூலியாள் மட்டுமே. சுமை இறக்கியவனுக்குக் கூலியைக் கொடுத்து வாயிலோடு அனுப்பிவிடுவோம். வீட்டுக்குரியவனாக்கிப் பிள்ளையின் படுக்கையருகே அமர்த்துவதில்லை. இன்றிரவு உங்கள் அலுமாரியின் மேல்தட்டை ஒருமுறை பாருங்கள். அங்கே மருந்தென்னும் பெயரில் மிளகுப் பிராந்தி இருக்குமாயின், அதன்மேல் ஒட்டியிருக்கும் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, அதன் உண்மைப் பெயரை எழுதி வையுங்கள். பிறகு அதனைக் கரண்டியில் ஊற்ற உங்கள் கை தானே தயங்கும்.